ஜிபி பயிற்சியில் கியூஐபி: ஒரே ஓர் அளவீடு போதும்

இங்கிலாந்தில் ஜிபி (குடும்ப மருத்துவர்) பயிற்சியின் இரண்டாம் ஆண்டான எஸ்டி2-ஐ முடித்துவிட்டேன். ஆண்டு முன்னேற்றத்தை மதிப்பிடும் ஏஆர்சிபி குழு அவுட்கம் 1 (முன்னேற்றம் திருப்தி) தந்திருக்கிறது. ஏகேடி என்ற அறிவுத் தேர்வைவிட, கியூஐபி என்ற தர மேம்பாட்டுத் திட்டம்தான் என்னை அதிகம் வாட்டியது: கிளினிக்கில் ஒரு குறையைக் கண்டு, அளந்து, சரிசெய்து காட்ட வேண்டும். அடுத்து வருபவர்களும் அதைப் பற்றியே கேட்பதால் எழுதுகிறேன்.

தலைப்பை ஒரே ஓர் அளவீடாகச் சுருக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு. 'நீரிழிவுப் பராமரிப்பை மேம்படுத்துதல்' என்று தொடங்கினால் ஆறு மாதப் பணியிடத்தில் கரை சேர முடியாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்புக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்சபான் எடுப்பவர்களின் உடல் எடைப் பதிவை நான் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், இரத்தத்தில் கிரியேட்டினின் லிட்டருக்கு 133 மைக்ரோமோல் அல்லது மேல்: இவற்றில் இரண்டு பொருந்தினால் 5 மி.கி. மாத்திரையை 2.5 ஆகக் குறைக்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்க வேண்டும்; அதற்கு ஆய்வகம் அனுப்பும் இஜிஎஃப்ஆர் மதிப்பீட்டை மட்டும் நம்ப முடியாது. அதே செயல்பாட்டை மருந்தளவுக்காகக் கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்குக்கும் எடை வேண்டும். எங்கள் கிளினிக் பதிவுகளிலோ பலரின் எடை ஆண்டுக்கணக்கில் பழையது. இடையில் மெலிந்துபோன மூதாட்டிக்குப் பழைய எடையைப் போட்டால் மருந்தளவு சரியென்றே தோன்றும், இரத்தக்கசிவு வரும்வரை. அது புரிந்த பிறகு போர்ட்ஃபோலியோவுக்காக (பயிற்சிப் பதிவேட்டுக்காக) மட்டும் இதைச் செய்ய என்னால் முடியவில்லை.

முதல் பிடிஎஸ்ஏ சுற்றில் (திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற சுழற்சி) எடை கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினோம். முதியவர்கள் பலர் பதிலே தரவில்லை. வழி சொன்னவர் இரத்தம் எடுக்கும் உதவியாளர்: "என்னிடம்தானே வருகிறார்கள், அப்போதே எடை பார்த்துவிடுகிறேன்." இரண்டாம் சுற்று அதுதான். புதிய எடை பதிவானவர்களின் வரைபடம் ஏறத் தொடங்கியது.

கூட்டத்தில் ஸ்லைடு போட்டுப் பேசுவது எனக்கு ஒத்துவராது. தேநீர் இடைவேளையில் ரிசப்ஷன், நர்ஸ், மருந்தாளர் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். கூச்சமுள்ளவர்களுக்கு இதையே சொல்வேன்.

சில குறிப்புகள்:

- எமிஸ் அல்லது சிஸ்டம்ஒன் (நோயாளிப் பதிவு மென்பொருள்கள்) நன்றாகத் தெரிந்த ஊழியரோடு உட்கார்ந்து தேடலை அமையுங்கள்.
- தொடக்க அளவை எடுக்கும் முன் எதையும் மாற்றாதீர்கள்.
- வாரந்தோறும் ரன் சார்ட்டில் (காலவரிசை வரைபடத்தில்) ஒரு புள்ளி. முன், பின் என்று இரண்டே எண்கள் இருந்தால் எந்த மாற்றம் பலித்தது என்பது தெரியாது.
- பலிக்காத சுற்றையும் முழுமையாக எழுதுங்கள்.
- கியூஐபி இல்லாத ஆண்டிலும் கியூஐஏ (சிறிய தர மேம்பாட்டுச் செயல்) கட்டாயம்.

பணியிடம் மாறும் முன், வேலையைத் தொடரப்போவது யார் என்று முடிவு செய்துவிடுங்கள். எங்கள் கிளினிக்கில் மருந்தாளர் ஏற்றுக்கொண்டார். அதே தேடலை மாதந்தோறும் ஓட்டுகிறார்.