இடுப்பு வலியோடு ஒரு மாதம்

பெப்ரவரி 3, 2025
கரும்பலகையின் அடியில் எழுதக் குனிந்தபோது பிடித்துக்கொண்ட இடுப்பு, நான்கு மாதமாகியும் என்னை விடவில்லை. முன்பு பார்த்த வைத்தியர் மாத்திரையும் இடுப்புப் பட்டியும் தந்ததோடு சரி. இன்று வெள்ளவத்தையில் நான் சந்தித்த இயன்மருத்துவரோ (பிசியோதெரபிஸ்ட்), சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போகிறதா, தொடைகளுக்கிடையே உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டார். "இரண்டில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், ரீச்சர்" என்றார். பிரசவங்களைப் பற்றியும், மாதவிடாய் நாட்களில் வலி கூடுகிறதா என்றும் விசாரித்தார். இதுவரை எவரும் கேட்காத கேள்விகள் அவை.

பின் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பு முள்ளெலும்புகளின் மேல் மெதுவாக, ஒரே தாளத்தில் அழுத்தினார். விலகிய எலும்பைத் தள்ளி உட்கார்த்தும் வேலை இதுவன்று. வலி சற்றுத் தணிந்தால் பயமின்றி அசையலாம், அந்த அசைவுதான் சிகிச்சை என்று விளக்கினார்.

பெப்ரவரி 5
இன்று ஒட்டுப்பட்டி. 1970களில் ஜப்பானில் கென்சோ காசே உருவாக்கிய, இழுபடும் பருத்திப் பட்டி இது. என்னை முன்னால் குனியவைத்து, முள்ளந்தண்டின் இருபுறமும் ஒட்டினார். நுனிகளை மட்டும் இழுக்காமல் விட்டார், இழுத்தால் தோல் புண்ணாகுமாம்.

பெப்ரவரி 8
பாவாடை நாடா உரசுமிடத்தில், கொழும்பின் புழுக்கமும் சேர்ந்து அரிப்பெடுத்ததால், தேங்காயெண்ணெய் தடவி ஒட்டுப்பட்டியை மெல்ல உரித்தேன். ஆனால் வலி திரும்பவில்லை. ஒட்டுப்பட்டி இல்லாமலும் குறைந்திருக்குமோ என்று இயன்மருத்துவரிடம் கேட்டேன். போலி ஒட்டுப்பட்டியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை என்று அவர் மறைக்காமல் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலும் நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியையும், கையால் அழுத்திச் செய்யும் கைச்சிகிச்சையையும் ஏற்று, இடுப்புப் பட்டியை வழமையாக அணிவதை ஏற்கவில்லை. என் இடுப்புப் பட்டியை அலுமாரியில் வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 28
முழங்கால்களை மடித்து மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பயிற்சியை நாள்தோறும் செய்கிறேன். மாலையில் கடற்கரையோரம் நடக்கிறேன். கைச்சிகிச்சை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்துவிட்டது. காலையில் எழும்போது இறுக்கம் இன்னும் உண்டு. இன்று 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி வரை நின்றபடியே போனேன். இறங்கிய பிறகுதான் இடுப்பின் நினைவே வந்தது.