ஓர் எண்ணை மட்டும் படிக்காதீர்கள்

நாட்பட்ட மைலாய்டு லுகேமியா (சிஎம்எல்) என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் எங்கள் ஆய்வகத்திலிருந்து இரண்டு வகைத் தாள்களை வாங்கிச் செல்கிறார்கள். ஒன்று ரத்த அணுக்களின் எண்ணிக்கை. காலையில் ரத்தம் கொடுத்தால் மதியத்துக்குள் கைக்கு வந்துவிடும். மற்றொன்று பிசிஆர்-ஏபிஎல் அளவு, அதாவது நோய்க்குக் காரணமான மரபணுவின் பிரதிகள் ரத்தத்தில் எவ்வளவு என்ற கணக்கு. அது வருவதற்கு ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். முதல் தாளில் எண்கள் ஆயிரத்திலும் லட்சத்திலும் இருக்கும். இரண்டாவதில் புள்ளிக்குப் பின்னால் பூஜ்ஜியங்கள் வரிசை கட்டி நிற்கும். இந்த இரண்டையும் நோயோடு வாழ்கிறவரே எடுத்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும், புரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்வகத் தொழில்நுட்பராக நெடுங்காலம் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயே வேலை பார்த்தவள் நான். பிறகு எங்கள் துறைத் தலைவர், சிஎம்எல் நோயாளிகள் வருகிற புறநோயாளி நாளில் ரிப்போர்ட் கொடுக்கும் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். "எண்ணைக் கண்டுபிடிக்கிறவரே அது என்ன எண் என்று சொல்லட்டும். சிகிச்சையை நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதன்முறை வருகிறவர்களில் பலர் வயிற்றின் இடப்பக்கம் கனமாக இருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று சொல்லி வருவார்கள். மண்ணீரல் வீங்கியிருக்கும். வேறு எதற்கோ ரத்தம் பார்த்தபோது தற்செயலாகத் தெரியவந்தவர்களும் உண்டு. வெள்ளையணு 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று இருக்கும். இமாட்டினிப் என்ற மாத்திரை 400 மில்லிகிராம் தொடங்கியதும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே அந்த எண் சரசரவென்று இறங்கி ஏழாயிரத்துக்கோ எட்டாயிரத்துக்கோ வந்து நிற்கும். மண்ணீரல் சுருங்கும், பசி திரும்பும், முகம் தெளியும்.

நான் கொடுக்கிற தாள்களிலேயே எனக்கு அதிகக் கவலை தருவது இந்த நல்ல தாள்தான். விருதுநகர் பக்கமிருந்து வந்த ஒரு தறிக்காரர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, ஆய்வகத்தில் இருந்த எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். "நோய் போய்விட்டதம்மா" என்றார். இன்னும் போகவில்லை ஐயா, மாத்திரையை விடக்கூடாது என்று நாங்களும் சொன்னோம், மருத்துவரும் சொன்னார். ஆனால் அவர் கையில் இருந்த தாள் எங்கள் எல்லோரையும்விட உரக்கப் பேசியது. எண் சரியாக இருக்கிறது, உடம்பு சரியாக இருக்கிறது, பிறகு எதற்கு மாத்திரை? சில மாதம் கழித்து மறுபடியும் லட்சத்தைத் தாண்டிய எண்ணோடு வந்தார். ரத்த அணு எண்ணிக்கை நோயின் மேல்பரப்பை மட்டுமே காட்டும். அது சரியாகிவிட்ட நாளிலிருந்துதான் இரண்டாவது தாளின் வேலை தொடங்குகிறது.

அந்த இரண்டாவது தாள் எதை அளக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், எல்லோரும் என்னிடம் கேட்கிற ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. "இது என் பிள்ளைகளுக்கும் வருமா?" வராது. பெற்றோரிடமிருந்து வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிற கோளாறு இல்லை இது. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரே ஒரு செல்லில், 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் தங்கள் நுனித் துண்டுகளை மாற்றிக்கொண்டுவிடுகின்றன. அப்படிக் குட்டையாகிப்போன 22-வது குரோமோசோமை 1960-இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் கண்டார்கள். அதனால் அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்றே பெயர். அது குட்டையானதற்குக் காரணம் இந்தத் துண்டு மாற்றம்தான் என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். துண்டுகள் ஒட்டிய இடத்தில் பிசிஆர் என்ற மரபணுவும் ஏபிஎல் என்ற மரபணுவும் சேர்ந்து ஒன்றாகிவிடுகின்றன. அதிலிருந்து உருவாகும் புரதம், பெருகு பெருகு என்று ஓயாமல் செல்லுக்குக் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிறது. நாங்கள் ரத்தத்தில் தேடி அளப்பது, ஒட்டிப்போன அந்த மரபணு எழுதி அனுப்பும் பிரதிகளை.

ஒரு பள்ளிக் கணக்கு ஆசிரியை ஒருமுறை என் முன்னால் உட்கார்ந்து, "எனக்கு 120 விழுக்காடு என்று போட்டிருக்கிறீர்கள். நூற்றுக்கு நூற்றிருபது எப்படி வரும்? எண்ணவே தெரியாத ஆய்வகமா இது?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இதை ரிப்போர்ட்டில் யாரும் விளக்குவதில்லை. ரத்தத்தில் உள்ள செல்களில் நூற்றுக்கு எத்தனை நோய்ச் செல் என்பதல்ல அந்த எண். இமாட்டினிப் மருந்தைச் சோதித்த ஐரிஸ் என்ற பெரிய ஆய்வில், சிகிச்சை தொடங்குவதற்கு முன் 30 நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த அளவின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டார்கள். பன்னாட்டு அளவுகோல் என்று இன்று உலகம் முழுதும் பயன்படுவது அதிலிருந்து வந்தது. அந்தச் சராசரியைவிடக் கூடுதலாக ஒருவருக்கு இருந்தால் 100-ஐத் தாண்டத்தான் செய்யும். ஆசிரியைக்கு இதைச் சொன்னதும் தன் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். அந்த நோட்டில் இன்றுவரை எழுதிவருகிறார்.

அந்த நூறிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு. 10 என்றால் பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது, 1 என்றால் நூறில் ஒரு பங்கு, 0.1 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐரோப்பிய லுகேமியா வல்லுநர் குழு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்றாம் மாதத்தில் 10 அல்லது அதற்குக் கீழே, ஆறாம் மாதத்தில் 1 அல்லது அதற்குக் கீழே, ஓராண்டில் 0.1 அல்லது அதற்குக் கீழே வந்திருந்தால் சிகிச்சை நன்றாகப் போகிறது என்று பொருள். புள்ளிக்குப் பிறகு இருக்கிற பூஜ்ஜியங்களைக் கண்டு மிரள்கிறவர்களிடம் நான் விழுக்காட்டைச் சொல்வதே இல்லை. ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்றுதான் சொல்கிறேன். வட்டிக் கணக்கும் நிலக் கணக்கும் மனத்தாலேயே போடுகிறவர்கள் நம் ஆட்கள். சொல்கிற விதத்தில் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

பிடிபடாமல் போவது வேறொன்று. சென்ற முறை 0.02, இந்த முறை 0.05. நோய் இரண்டரை மடங்கு ஆகிவிட்டதே என்று இரவெல்லாம் தூங்காமல் வந்து நிற்பார்கள். இந்த அளவீட்டில், ஒரே ரத்தத்தை ஒரே ஆய்வகம் இரண்டு நாள் அளந்தாலும் எண் அச்சுப்பிசகாமல் ஒன்றாக வராது. அதுவும் அளவு மிகக் குறைந்த இடத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபாடு வருவது அளவீட்டின் இயல்பு. 0.02-உம் 0.05-உம் 0.1-க்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகவே ஒரு தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன். கடைசி நாலைந்து தாள்களையும் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். ஏறி இறங்கி ஒரே மட்டத்தில் நிற்கிறதா, ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகிறதா? 0.1-ஐத் தாண்டி, பல மடங்கு ஏறி, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால்தான் மருத்துவர்கள் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று விசாரித்து, மரபணுவில் புதிய மாற்றம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரே ஆய்வகத்தில் பார்ப்பது மிக முக்கியம். ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் தன் அளவைப் பன்னாட்டு அளவுகோலுக்கு மாற்றுகிற பெருக்கு எண் தனித்தனி. சில இடங்களில் அந்த மாற்றத்தையே செய்யாமல் வெறும் விகிதத்தை அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு ஊர்த் தாள்களை அருகருகே வைத்து ஏறியது இறங்கியது என்று பேசுவதில் பயனில்லை.

வரிசையில் நிற்கிறவர்கள் தங்களுக்குள் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வதும் உண்டு. நாட்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியா உள்ள பெரியவர் ஒருவர், "அவருக்குப் புள்ளிக் கணக்கில் இருக்கிறது, எனக்கு நாற்பதாயிரம். எனக்கு மட்டும் மருந்தே தரவில்லையே" என்று கண்கலங்கிவிட்டார். பெயரில் பாதி ஒன்றாக இருந்தாலும் அது வேறு நோய். அதில் எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது, ரத்தச் சோகையோ தட்டணுக் குறைவோ வருகிறதா, நெறிக்கட்டிகள் பெரிதாகின்றனவா என்பதையே பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குள் இரு மடங்காகிறதென்றால் கவனிப்பார்கள். அசையாமல் நிற்கிற நாற்பதாயிரத்தோடு பல ஆண்டுகள் மருந்தே இல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து தராதது கைவிட்டதால் அல்ல என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரத்தை நான் மகிழ்ச்சியோடு கொடுத்தேன்.

இனி, தாளில் யாரும் பார்க்காத ஒரு மூலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அளக்கிற மரபணுப் பிரதி, அதாவது ஆர்என்ஏ, மிக மென்மையானது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்த நேரத்திலிருந்தே அது சிதையத் தொடங்கிவிடும். ஒரு நாளுக்குள், தவறினால் இரண்டு நாளுக்குள் அது எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அதனால் மாதிரி கெடாமல் வந்திருக்கிறதா என்று அறிய, ஒவ்வொரு மாதிரியிலும் ஏபிஎல் மரபணுவின் பிரதிகளையும் சேர்த்தே எண்ணுகிறோம். அது குறைந்தது 10,000 இருந்தால்தான், நோயின் பிரதி கண்டறியப்படவில்லை என்று நாங்கள் சொல்வதற்கு மதிப்பு. வெளியூரில் ஒரு வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தம், திங்கட்கிழமை ஏதோ ஓர் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்து, 'கண்டறியப்படவில்லை' என்ற ரிப்போர்ட்டாக ஒரு பெண்ணின் கையில் வந்திருந்தது. முந்தைய முறை 0.6 இருந்தவர் அவர். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஏபிஎல் பிரதிகள் 1,800 என்று இருந்தது. ஒரு பிடி அரிசியைப் புடைத்துவிட்டு மூட்டையிலேயே கல் இல்லை என்று சொன்னதைப் போன்றதுதான் அது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 0.5 இருந்தது. சில ரிப்போர்ட்டுகளில் அந்த எண்ணை அச்சிடுவதுகூட இல்லை. அச்சிடாத தாளை வாங்கிக்கொள்ளாதீர்கள், கேட்டு வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

மாத்திரை தவறியதை வாய் சொல்வதற்கு முன்னால் தாள் சொல்லிவிடும். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, பத்தில் ஒரு வேளையைத் தவறவிட்டாலே 0.1-க்குக் கீழே போகிற வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. ஆனால் தவறவிடுகிறவர்களைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை. காரணம் கேட்டால் எல்லாமே நியாயமாக இருக்கும். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. உப்பளத்தில் காலை நான்கு மணிக்கு நிற்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. வேலை முடிந்துதான் சாப்பாடு. மருந்தால் தோலின் நிறம் வெளுக்கிறது. ஊரில் ஆயிரம் கேள்வி. சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போடுங்கள், நேரத்தை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றித்தரச் சொல்லி மருத்துவரிடமே கேளுங்கள் என்று சொல்கிறேன். மாத்திரையைக் காசு கொடுத்து வாங்க முடியாத காலம் பெருமளவு கடந்துவிட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இந்த மருந்தின் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்ததால் இந்திய நிறுவனங்களின் மலிவான மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறது. எங்கள் மருந்தகத்தில் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். மீதம் இருக்கிற தடைகள் வீட்டுக்குள் இருக்கின்றன.

மேலை நாடுகளில் இது பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டி வருகிற நோய். இங்கே முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வருகிறது. இளம் பெண்கள் நிறையப் பேர். ரிப்போர்ட்டை வாங்கியதும் எண்ணை மட்டும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிற ஒரு பெண் இருக்கிறாள். புகுந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது. அவளுடைய தாள்கள் என் மேசை இழுப்பறையில் ஒரு கோப்பில் இருக்கின்றன. இமாட்டினிப் சாப்பிடும்போது கருத்தரித்தால் கருவுக்கு ஆபத்து உண்டு. குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசித் திட்டமிட வேண்டும். எண் ஆழமாக இறங்கி, நெடுநாள் அங்கேயே நின்றவர்களுக்குத்தான் அந்தப் பேச்சுக்கே இடம் உண்டு. ஆகவே அவளுக்கு அந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். "அப்படியானால் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள் அக்கா" என்றாள்.

மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். பிரான்ஸில் நடந்த ஸ்டிம் ஆய்வு அந்த வழியைத் திறந்துவிட்டது. பல ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு, பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே தொடர்ந்து நின்றவர்கள் நிறுத்தினால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே திரும்புகிறது. மாத்திரையை உடனே தொடங்கினால் மறுபடி இறங்கிவிடுகிறது. ஆனால் அந்த முதல் மாதங்களில் மாதந்தோறும் நம்பகமான பரிசோதனை வேண்டும், ஒரு வாரத்தில் முடிவு கைக்கு வர வேண்டும். அது முடியாத ஊரிலிருந்து வருகிறவரிடம் நிறுத்தச் சொல்ல எங்கள் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சரியென்றே நானும் நினைக்கிறேன்.

எங்கள் ரிப்போர்ட்டில் இப்போது முந்தைய முடிவுகளையும் தேதியோடு ஒரே தாளில் அச்சிடுகிறோம். ஏபிஎல் பிரதிகளின் எண்ணைப் பொடி எழுத்திலிருந்து எடுத்து மேலே கொண்டுவந்துவிட்டோம். தாள் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதனோடு சேர்த்துக் கொடுக்க ஒரு பக்கத்தில் தமிழ் விளக்கம் எழுதியிருக்கிறேன். கணக்கு ஆசிரியைதான் படித்துத் திருத்திக் கொடுத்தார். மாத்திரை போட்டபின் வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லித் துறைத் தலைவர் நேற்றுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த வரியை மருந்தாளுநரிடம் கேட்டு எழுதி, இந்த வாரமே அச்சுக்குக் கொடுக்கிறோம்.