பொருளியல் மாணவர்களைச் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள்

அபிவிருத்திப் பொருளியல் படிக்கும் மாணவர்களின் களப்பயணம், ஏதாவதொரு கேட்போர்கூடத்தில் விளக்கவுரை கேட்டுக் குழுப்படம் எடுத்துத் திரும்புவதாகச் சுருங்கிவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வகுப்பறைகள் பக்கத்திலேயே உள்ளன.

புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு இடம் மாறிய மெனிங் சந்தைக்கு விடியற்காலையில் சென்றால், மலைநாட்டிலிருந்து லொறியில் வந்த கோவா மூட்டைகளில் அடியில் இருப்பவை நசுங்கி நீர் கசிவதையும், வியாபாரி அவற்றை ஒதுக்கும்போதே விலை இறங்குவதையும் நேரில் காணலாம். விவசாயி பெறும் விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி போக்குவரத்து, கழிவு, தரகு, முற்பணக் கடன் எனப் பிரிந்து விளங்குவது அங்கேதான்.

1978இல் கட்டுநாயக்கவில் தொடங்கிய நாட்டின் முதலாவது சுதந்திர வர்த்தக வலயத்துக்கும் போக வேண்டும். ஆனால் தொழிற்சாலையோடு நின்றுவிடக் கூடாது. ஆடை ஏற்றுமதியைத் தாங்கும் இளம்பெண்கள் தங்கும் வாடகை அறைகளைப் பற்றியும், அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றியும், அவர்கள் மனமுவந்து பேசினால் மட்டுமே கேட்டறிய வேண்டும். வேடிக்கை பார்க்கும் கூட்டமாகப் போவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் இன்று இணையவழியில் நடப்பதால், தரகு நிறுவனமொன்றின் சுவைபார்க்கும் அறையையாவது காட்டலாம்.

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவிலும் சிங்களம் சரளமாகப் பேசும் மாணவர் ஒருவரேனும் இருக்கட்டும். கேட்கப்போகும் கேள்விகளைப் பயணத்துக்கு முந்திய வாரமே மாணவர்களிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.