ஹூணர் ஆட்டம்: நான்காவது வடிவம் வரை

மூன்று மாதமாக, ஐந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவைக் கலக்கிய நாடோடிக் குதிரை வீரர்களான ஹூணர்களின் தலைவர்களை வைத்து வீட்டில் ஒரு பலகை ஆட்டம் உருவாக்கி வருகிறேன். நான்கு பேர் குலத்தலைவர்கள், ஒருவர் ரோமப் பேரரசு. காலண்டர் அட்டையின் பின்பக்கம், ரோமின் எல்லையான டான்யூப் ஆற்றை நீல மார்க்கரில் வரைந்துகொண்டேன். குதிரை வீரர்களுக்குப் புளியங்கொட்டை, தங்கத்துக்கு மஞ்சாடி. பொன் நிறுத்த விதையே பொன்னாக இருக்கட்டும் என்று தோன்றியது.

முதல் வடிவத்தில் வெறும் சண்டைதான். பகடை நன்றாக விழுந்தவர் அரை மணியில் மற்ற மூவரையும் விழுங்கிவிட்டார். ஆட்டம் சப்பென்று இருந்தது, வரலாறும் அப்படி இல்லை. நான்காம் நூற்றாண்டு ஹூணர்களுக்கு நிலையான அரசனே கிடையாது, பெரிய தலைகள் சேர்ந்து அவ்வப்போது வழிநடத்தினார்கள் என்றுதான் அக்கால ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதுகிறார்.

உல்டின் என்ற ஹூணர் தலைவரைப் பற்றிப் படித்த பிறகு விதியை மாற்றினேன். 408இல் டான்யூபைத் தாண்டி வந்தவர் அவர். சூரியன் ஒளி படும் நிலமெல்லாம் நினைத்தால் என் கைக்கு வரும் என்று ரோமத் தளபதியிடம் சொன்னாராம். ரோமர்கள் அவரிடம் பேரம் பேசிக்கொண்டே, அவருக்குக் கீழே இருந்தவர்களிடமும் தனியாகப் பேசினார்கள். ஆட்கள் கலைந்து போனார்கள். உல்டின் உயிர் தப்பியதே பெரிது. அதனால் இப்போது எந்தப் புளியங்கொட்டையும் யாருக்கும் நிரந்தரமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மஞ்சாடி கொடுக்காத தலைவரை விட்டு அது நகர்ந்துவிடும்.

மூன்றாவது வடிவம் ஒரு சச்சரவில் பிறந்தது. ரோமின் இடத்தில் நான் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் இடப்பக்கத்திலிருந்து பரிசு கொடுத்துக்கொண்டே வந்தேன். அக்கா மகனுக்கு முகம் மாறிவிட்டது. "மாமா, என்கிட்டதானே ஆள் அதிகம்? அவளுக்கு ஏன் முதல்ல?" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த அகட்சிரி மக்களிடம் நடந்தது இதேதான். அவர்களுக்குப் பல தலைவர்கள். ஹூணர்களின் பேரரசனான அட்டிலாவின் பக்கம் போகாமலிருக்கக் கிழக்கு ரோமப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் அவர்களுக்குப் பரிசு அனுப்பினார். கொண்டுபோனவர் தகுதி வரிசை பார்க்கவில்லை. மூத்தவரான குரிடாக்கஸுக்கு இரண்டாவதாகத்தான் கிடைத்தது. அந்த அவமானத்தில் அவர் அட்டிலாவையே உள்ளே அழைத்துவிட்டார். மற்ற தலைவர்கள் ஒடுக்கப்பட்ட பின், வெற்றியைப் பங்கிட வா என்று அட்டிலா கூப்பிட்டபோது போகவில்லை. சூரியனையே உற்றுப் பார்க்க முடியாதபோது தெய்வங்களில் பெரியவரை எப்படிப் பார்ப்பேன் என்று பணிவாகச் சொல்லி அனுப்பித் தன் நிலத்தையும் உயிரையும் காத்துக்கொண்டார். மற்ற அகட்சிரிகளுக்கு அட்டிலாவின் மூத்த மகன் எல்லாக் அரசனானான். இப்போது என் விதி: ரோம் வரிசை தவறினால் பரிசு பகையாகும்.

அதிக நாள் எடுத்தது தப்பியோடியோர் சீட்டு. தோற்ற தலைவர் ஆற்றைத் தாண்டி ரோமிடம் தஞ்சம் புகலாம், பிறகு திரும்பி வந்து உரிமை கோரலாம். ஹூணர்களோடு கிழக்கு ரோம் செய்த மார்கஸ் உடன்படிக்கையில், ரோம் கட்டிய ஆண்டுக் கப்பம் 350 ராத்தல் பொன்னிலிருந்து 700 ஆனதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஓடிவந்தவர்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை. அப்படி ஒப்படைக்கப்பட்ட அரச குடும்பத்துப் பிள்ளைகள் இருவரை ஹூணர்கள் கொன்றே போட்டார்கள். அக்கரையில் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு உறவினனும் நாளைய போட்டி அரசன்.

ஆனால் ரோமாக ஆடியவர் இந்தச் சீட்டுகளைப் பூட்டி வைத்துக்கொள்ள, ஆட்டம் அசையவில்லை. வழி காட்டியவர் 449இல் தூதுக்குழுவோடு அட்டிலாவிடம் போய்வந்து எழுதிவைத்த ரோம வரலாற்றாசிரியர் பிரிஸ்கஸ். ஓடியவர்களைக் கேட்கும் சாக்கில் அட்டிலா தூதர்களை அடுத்தடுத்து அனுப்பினார். போனவர்கள் எல்லாம் ரோமரின் பரிசோடு திரும்பினார்கள். தன் ஆட்களுக்கு ரோம் செலவில் படியளந்திருக்கிறார்! உடனே தூதர் சீட்டு எழுதினேன். புளியங்கொட்டையை ரோமுக்கு அனுப்பினால் அது மூன்று மஞ்சாடியோடு திரும்பி, இரண்டு சுற்றுக்கு விசுவாசமாக இருக்கும். ஆட்டம் ஓடத் தொடங்கியது.

அண்ணன் பிளெடாவை அட்டிலா கொன்ற விஷயத்திலும் ஒரு திருத்தம். கொன்றால் ஆட்கள் எல்லாம் கொன்றவருக்கே என்று முதலில் எழுதியிருந்தேன். ஆனால் சில ஆண்டுகள் கழித்தும் பிளெடாவின் மனைவி ஒரு கிராமத்தை ஆண்டாள். புயலில் சிக்கிய பிரிஸ்கஸ் குழுவுக்கு அவள் சோறும் இடமும் கொடுத்தாள். அவர்கள் பதிலுக்குக் கொடுத்தவற்றில் வெள்ளிக் கிண்ணங்களோடு இந்திய மிளகும் உண்டு. நம் மேற்குக் கரையில் காய்ந்த சரக்கு ஹூணர் கிராமம்வரை போயிருக்கிறதே என்று அன்று வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தில் இப்போது நான்கு மிளகு ஒட்டியிருக்கிறது. அதை யாரும் தாக்க முடியாது.

பாக்கி இருப்பது 453. அட்டிலா இறந்ததும் மகன்கள் மக்களைச் சொத்துபோலப் பாகம் பிரிக்கப் பார்க்க, அவருக்கு அடங்கியிருந்த ஜெர்மானிய இனமான கெபிடுகளின் அரசன் ஆர்டாரிக் எதிர்த்து எழுந்தான். நெடாவோ போரில் எல்லாக் மடிந்தான். மரணச் சீட்டு வந்ததும் எல்லாப் புளியங்கொட்டைகளும் நடுவில் குவிய வேண்டும் என்று எழுதிவிட்டேன். ஆர்டாரிக் தனி ஆட்டக்காரரா, அல்லது அதுவரை அதிகம் ஏமாற்றப்பட்டவர் அந்த இடத்தை எடுப்பதா என்பதை ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாகவும் ஆடிப் பார்க்கப் போகிறோம்.