லூர்து அன்னைக்கு நேர்ந்ததை இந்த வாரமே செலுத்துங்கள்

வேண்டுதல் கேட்கப்பட்டதும், அடுத்த லீவு நாளிலேயே சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். "பிப்ரவரி 11 திருவிழா வரட்டும், குடும்பத்தோடு போவோம்" என்று காத்திருந்தே எத்தனையோ நேர்த்திகள் நின்றுபோகின்றன. பிள்ளைக்குப் பரீட்சை வரும், வேலையிடத்தில் ஓவர்டைம் வரும், பிறகு அடுத்த வருடம். நேர்ந்துகொண்டதைத் தாமதிக்காமல் செலுத்தச் சொல்லி சபை உரையாளர் நூலே கண்டிக்கிறது.

திருவிழாக் கூட்டமும் லேசுப்பட்டதல்ல. பல வருடங்களில் சீனப் புத்தாண்டும் அதையொட்டியே வரும். அப்போது பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் வாட்டர்லூ தெரு குவான் இம் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரும். ரோச்சோரில் இறங்கி நடப்பதே மேல். கார் வேண்டவே வேண்டாம்.

பூசைக்கு அரைமணி முன்னதாகவே வந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வழி பாருங்கள். முதலில் நற்கருணை நாதர் இயேசு, அப்புறம்தான் அன்னையின் குகையான கெபி. மெழுகுவர்த்தியின் அடியைச் சூடுகாட்டி ஊன்றி, மெழுகு இறுகும்வரை பிடித்திருங்கள். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் சாய்ந்து பக்கத்துத் திரியையும் அணைத்துவிடும். முழந்தாளில் இருக்கும் பாட்டியை மறைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

கெபி முன் நின்று, பிரான்சின் லூர்து நகரில் சிறுமி பெர்னதெத்துக்கு அன்னை காட்சி தந்த 1858 பிப்ரவரி 25-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்றில் குடித்து முகம் கழுவச் சொன்னார் அன்னை. ஊற்று எதுவும் கண்ணில் படவில்லை. பதினான்கு வயது பெர்னதெத் நேரே ஆற்றை நோக்கி நடந்தாள். அன்னை பாறையடியைச் சுட்டிக்காட்டவும் திரும்பி வந்து கையாலேயே தோண்டினாள். வந்தது சேறு. மூன்று முறை அள்ளிக் கொட்டிவிட்டு, நான்காம் முறை குடித்தாள். முகமெல்லாம் சேறு, சுற்றி நின்றவர்கள் பைத்தியம் என்றார்கள். தெளியட்டும், அப்புறம் குடிக்கிறேன் என்று அவள் சொல்லவில்லையே! அவள் தோண்டிய இடத்து நீர் தெளிந்து இன்றும் ஓடுகிறது. மார்ச் 2 அன்று, மக்கள் பவனியாக வரட்டும், சிற்றாலயம் ஒன்று கட்டச் சொல் என்றார் அன்னை. அன்றே பங்குத்தந்தையிடம் ஓடினாள். அவர் போட்ட சத்தத்தில் சிற்றாலயத்தைச் சொல்ல மறந்துவிட்டாள். அதற்காக அன்று மாலையே மறுபடியும் போய் நின்றாள்.

ஆகவே கெபியைவிட்டு எழும் முன், ஆண்டவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அநேகருக்கு அது ஊரில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் அண்ணனோ தங்கையோதான். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்றார் இயேசு. வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், குரல் கேட்கக் கூப்பிடுங்கள். இந்தியாவில், ஊர் நேரம் இரண்டரை மணி பின்னால். காலைப் பூசை முடிகையில் அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். எழுப்பினாலும் பரவாயில்லை.

குவீன் தெருப் புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனச் சகோதரர்களோடு சேர்ந்து பூசை கண்டுவந்த தமிழருக்கு 1888-இல் இந்த ஆலயம் கிடைத்தது. கப்பலேறி வந்த அந்தத் தலைமுறையின் செபம் கேட்ட தாயே, இன்று கட்டுமானத் தளத்திலிருந்து ஒரே ஒரு ஞாயிறு லீவில் ஓடிவரும் தம்பிகளின் தமிழ்ச் செபமாலையையும் கேட்கிறீர்களே, நன்றி அம்மா, கோடி நன்றி.