பத்து ரூபாய் காயின்

ஜூன் 7, வெள்ளி

சொட்டை மூன்றாகிவிட்டது. காதுக்குப் பின்னால் ஒன்று, உச்சியில் ஒன்று, இப்போது பிடரிக்குச் சற்று மேலே. புதியதை நான் பார்க்கவில்லை. பின்னல் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை சட்டென்று நின்றது, அதிலேயே தெரிந்துவிட்டது. போனில் படம் எடுத்துக் காட்டச் சொன்னேன். வழவழவென்று இருக்கிறது, குழந்தையின் குதிகால் மாதிரி.

ஜூன் 8, சனி

காதுக்குப் பின்னால்: ஒரு ரூபாய் காயின் அளவு.
உச்சி: ஐந்து ரூபாய்.
பிடரி: ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி.

ஜூன் 11, செவ்வாய்

எல்லாரும் தண்ணீர் என்கிறார்கள். மேல்வீட்டு ஆன்ட்டி, அம்மாவின் ஆபீஸ், கீரைக்காரம்மா வரைக்கும். "பெங்களூர் போர் தண்ணில குளிச்சா மண்டைல இன்னா மிஞ்சும்?" அப்பா கேன் தண்ணீரில் தலை அலசச் சொல்லிவிட்டார். மார்ச்சில் இந்தத் தெருவே டேங்கருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றது. இப்போது நான் குடிக்கிற தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறேன், ராணி மாதிரி. அண்ணன் குளிப்பது அதே போர் தண்ணீரில்தான். அவன் தலையில் சீப்பு இறங்காது. தண்ணீர் ஆள் பார்த்தா வேலை செய்கிறது?

ரப்பர் பேண்ட் முன்பெல்லாம் இரண்டு சுற்று. இன்றைக்கு நான்கு.

ஜூன் 15, சனி

டாக்டர் ஒரு சின்ன லென்ஸை மண்டையில் வைத்து ஸ்கிரீனில் காட்டினார். வழுக்கையின் ஓரத்தில் குட்டைக் குட்டையாகச் சில முடிகள், மேலே தடித்து வேர்ப்பக்கம் மெலிந்து. ஆச்சரியக்குறி முடி என்றே அதற்குப் பெயராம். என் தலையைப் பார்த்து என் தலையே ஆச்சரியப்படுகிறது.

அலோபீசியா அரியேட்டா என்று எழுதினார். "புழுவெட்டுங்களா?" என்றாள் அம்மா. "ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா புழு எதுவும் இல்லம்மா." உடம்பைக் காப்பாற்ற வேண்டிய வெள்ளை அணுக்களே முடியின் வேரைச் சூழ்ந்துகொண்டு தாக்குகின்றனவாம். தண்ணீரால் வருவதில்லை. யாருக்கும் ஒட்டாது. வேர் சாகவில்லை, அதனால் தானாகவே முளைக்கலாம். ஊசி போட்டால் சீக்கிரம் முளைக்கலாம். முளைத்தது மறுபடி கொட்டலாம். புதிய இடத்தில் வரலாம், வராமலும் இருக்கலாம். தைராய்டு, விட்டமின் டி, இரும்புச்சத்து எல்லாம் ஒருதரம் பார்த்துவிடலாம். நான் 'லாம்'களை எண்ணிக்கொண்டு இருந்தேன். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

கையை நீட்டச் சொன்னார். நகத்தில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிப் புள்ளியாகக் குழி. ஆயா தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் இரும்புத் தொப்பி மாதிரியே. இத்தனை நாள் என் கையில்தான் இருந்திருக்கிறது, நான் பார்த்ததில்லை.

ஜூன் 16, ஞாயிறு

புழு இல்லை. தெரியும். லைட்டை அணைத்ததும் ஊர்கிறது.

ஜூன் 22, சனி

ஊசி. 14 இடம். ஸ்டீராய்டு மருந்தைத் தோலுக்குள் துளித் துளியாக இறக்குகிறார்கள். வலியை விடச் சத்தம்தான். மண்டைக்குள்ளேயே 'சரக் சரக்'கென்று, ஈர மணலில் யாரோ நடப்பது போல. கையைப் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் அம்மா என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் அதையாவது சாப்பிட்டிருப்பேன்.

வெங்காயம் தேய்க்கக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

ஜூன் 23, ஞாயிறு

ஆயா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். சாம்பாருக்காம். அரைக் கிலோவா?

ஜூலை 4, வியாழன்

பஸ்ஸில் இலவச டிக்கெட்டுக்கு ஆதார் காட்டினேன். கண்டக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "இது நீனேனா?" படத்தில் பத்து வயசு, ரெட்டைப் பின்னல், மடித்துக் கட்டின ரிப்பன். நானேதான் என்று கன்னடத்தில் சொல்வதற்குள் பின்சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். டிக்கெட் கொடுத்துவிட்டார், அதிலொன்றும் குறையில்லை. ஆனால் ஹால் டிக்கெட்டுக்கு எந்தப் போட்டோ கொடுப்பது? இப்போது எடுத்தால் மார்ச்சில் இந்தத் தலை இருக்குமா? இதைவிட அதிகமா, கம்மியா? பரீட்சை அறையில் ஸ்கார்ஃபைக் கழற்றச் சொன்னால்? டாக்டர் சர்ட்டிஃபிகேட் கையில் வைத்துக்கொள்ளலாம். அதை எத்தனை பேர் படிப்பார்கள்? எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தால்?

ஹால் டிக்கெட் வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தெரியும்.

ஜூலை 5, வெள்ளி

ஹால் டிக்கெட்.

ஜூலை 12, வெள்ளி

கண்மையைத் தொட்டு உச்சியில் தேய்த்துப் பார்த்தேன், தூரத்திலிருந்து முடி மாதிரியே இருந்தது. ரொம்ப சந்தோஷமாக காலேஜ் போனேன். மூணரைக்கு மழை. காதோரமாக ஒரு கறுப்புக் கோடு இறங்கி வெள்ளைக் காலரில் போய் நின்றது. பக்கத்து பெஞ்ச்காரி ஒன்றும் கேட்காமல் அவள் கர்ச்சீப்பை என் பக்கம் தள்ளிவிட்டு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கர்ச்சீப்பைத் துவைத்துவிட்டேன், கறை போகவில்லை. புதிதாக வாங்கித் தரவேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. அல்சூர் சந்தையிலிருந்து ஆயா இரண்டு முழம் மல்லி வாங்கி வந்தாள், எப்போதும் போல. எங்கே வைப்பது என்று யாரும் பேசவில்லை. ஹேர்பின் நிற்க முடி வேண்டுமே. அம்மா ஸ்கார்ஃபிலேயே ஊக்கால் குத்திவிட்டாள். கோயிலில் எல்லாரும் பார்த்தார்கள். பேசுகிறவர்களின் கண் முதலில் என் கண்ணில் இருக்கும், அப்புறம் புருவம், அப்புறம் நெற்றி, அப்படியே ஏறும். நான் இப்போது அது ஏறும் வேகத்தை வைத்தே ஆட்களை எடை போடுகிறேன். பூசாரிதான் ஏறவே இல்லை. குங்குமத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது ஆயா மெதுவாகச் சொன்னாள், திருப்பதிக்கு வேண்டிக்கொண்டாளாம். முடி நல்லபடியாக வளர்ந்துவிட்டால் முடி இறக்குவதாக.

"யார் முடிய?"

"உன் முடியதாண்டி. வேற யாரு முடிய?"

"வளந்த முடியவா?"

"ஆமா."

தெருவில் நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஆயாவுக்கு எதற்கென்றே புரியவில்லை. கோபித்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

ஜூலை 20, சனி

அண்ணன் தானும் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றான். அவன் போட்டால் ஸ்டைல் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போனான். இப்போது அவனை வேறு தேற்ற வேண்டியிருக்கிறது.

ஜூலை 27, சனி

காயின் வேலைக்கு ஆகவில்லை. பத்து ரூபாய் 27 மில்லிமீட்டர், அதுதான் வீட்டில் பெரிசு. கடையில் யாரும் வாங்குவதில்லை என்று அப்பா ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார், அத்தனையும் என்னிடம்தான் இருக்கிறது. பிடரியில் இரண்டு சேர்ந்து ஒன்றாகிவிட்டது. எவர்சில்வர் டம்ளரின் வாய் சரியாக உட்காருகிறது.

அந்த டம்ளரில் இனி நான் குடிக்க மாட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

தூக்கம் வராமல் 2022 ஆஸ்கர் வீடியோவைப் பார்த்தேன், வில் ஸ்மித் மேடையேறி கிறிஸ் ராக்கை அறைந்தது. அப்போது வகுப்பில் எல்லாரும் அதை நடித்துக் காட்டினோம், நானும்தான். வில் ஸ்மித்தின் மனைவி ஜேடா பிங்கெட் ஸ்மித்துக்கு அலோபீசியா என்பது அன்றைக்கு என் காதில் விழவே இல்லை. இன்றைக்கு அறையை விட்டுவிட்டு அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். அவள் மொட்டையை வைத்து கிறிஸ் ராக் ஜோக் சொன்னதும் கண்ணை ஒரு உருட்டு உருட்டுகிறாள். அந்த ஒரு நொடியை எத்தனை தரம் ஓட்டினேன் என்று தெரியாது. மணி இரண்டு.

ஆகஸ்ட் 3, சனி

ஊசி, 22 இடம். மாத்திரை பற்றிக் கேட்டேன். ரிட்லெசிடினிப் என்று ஒன்று, அமெரிக்காவில் 2023 ஜூனில் 12 வயசு முதல் கொடுக்க அனுமதி வந்தது என்று படித்திருந்தேன். பேரைத் தப்பில்லாமல் சொல்ல நேற்று பூராவும் பழகினேன். தலையில் பாதிக்கு மேல் போனவர்களுக்கான மருந்து அது, உனக்கு இப்போது வேண்டாம் என்றார். பாதிக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் விக் பார்க்கப் போனோம். நிஜ முடியில் செய்தது 30,000 ரூபாய். அப்பா எங்கள் மூவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பர்ஸில் அவ்வளவு இருக்காது என்று அவருக்கும் தெரியும். கடைக்காரர் முடியை விரித்து, "திருப்பதி முடி மேடம், ஒரிஜினல்" என்றார். திருமலையில் இறக்குகிற முடியை தேவஸ்தானம் ஏலம் விடுவது ஊருக்கே தெரியும். ஆயா ஒரு கொத்தைக் கையில் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைக்காரர் பயந்துவிட்டார்.

போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தேன். அரித்தது. யாரோ ஒரு பெண்ணின் வேண்டுதல். வாங்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

வாங்கியிருக்கலாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. வீடு முழுக்க ஆட்கள். கொழுக்கட்டை கேட்டு வந்த கீழ்வீட்டுக் குட்டிப் பையன் என் ஸ்கார்ஃபை இழுத்துவிட்டான். அறையே நின்றுவிட்டது. அவன் மட்டும் கையை வைத்துத் தடவிப் பார்த்து, "ஸ்மூத்தா இருக்கு" என்றான். அவன் அம்மா ஓடிவந்து அவன் கையை சோப்புப் போட்டுக் கழுவக் கூட்டிக்கொண்டு போனார். ஒட்டாது ஆன்ட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

ஆயா எழுந்து போய் அந்தப் பையன் தட்டில் இருந்த கொழுக்கட்டையை எடுத்துத் தானே தின்றுவிட்டாள்.

செப்டம்பர் 14, சனி

ஊசி, 17 இடம். லென்ஸில் காதுக்குப் பின்னால் பஞ்சு பஞ்சாக ஏதோ தெரிந்தது. வெள்ளை முடி. முதலில் வெள்ளையாக வருவது சகஜம், அப்புறம் கறுக்கலாம் என்றார். லாம்.

வீட்டுக்கு வந்ததும் ஆயா விரலால் தடவினாள். அவள் விரல் சொரசொரப்பில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? தெரிகிறது தெரிகிறது என்றாள். தன் தலையைக் காட்டி, "என்னுதும் வெள்ளதான், இன்னா இப்போ" என்றாள். அப்பாவிடம் திருப்பதி டிக்கெட் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 19, வியாழன்

இருபது முடி. அம்மாவின் பூதக்கண்ணாடி, போன் டார்ச், இரண்டு கண்ணாடி. கழுத்து வலிக்கிறது.

செப்டம்பர் 20, வெள்ளி

பத்தொன்பது.

மறுபடி எண்ண வேண்டும். பெரிய கண்ணாடி பாத்ரூமில் இருக்கிறது, அண்ணன் உள்ளே போய் அரை மணி நேரம் ஆகிறது