நான்கு சர்வர்களும் ஒரு முகவரியும்

குறுவை அறுவடையின்போது கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு இரண்டு கவலைகள்: தன் முறை எப்போது வரும், அதற்குள் மழை வந்துவிடுமா? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக நெல்லை எடுக்க மாட்டார்கள். கும்பகோணத்தில் எங்கள் சிறு குழு இந்த இரண்டுக்கும் குறுஞ்செய்தியில் பதில் அனுப்புகிறது. அறுவடை மாதங்களில் கேள்விகள் வந்து குவியும். மற்ற நாட்களில் சர்வர் சும்மா கிடக்கும்.

அதனால்தான் ஓப்பன்விஸ்க்கைத் தேர்ந்தெடுத்தோம். ஐபிஎம் 2016-இல் திறந்த மூலமாக வெளியிட்டு, பிறகு அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த சர்வர்லெஸ் தளம் அது. அழைப்பு வரும்போது மட்டும் நம் நிரலை ஒரு டாக்கர் கன்டெய்னரில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த தனிப் பெட்டி போன்ற ஒன்றில், ஓட்டும். ஒரே கணினியில் நிறுவியபோது ஒரு பகலில் வேலை முடிந்தது. நான்கு கணினிகளில் பிரித்து வைக்கப்போய்த்தான் மூன்று இரவுகள் தூக்கம் போனது.

அழைப்புகளை வாங்கி வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கன்ட்ரோலர் ஒரு கணினியில், தரவுத்தளமான கவுச்டிபி இன்னொன்றில், நிரலை ஓட்டும் இன்வோக்கர்கள் மூன்று. இவற்றுக்கிடையே செய்தி கொண்டுபோவது காஃப்கா. இன்வோக்கர்கள் ஒவ்வொரு நொடியும் காஃப்கா வழியாக ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். கன்ட்ரோலர் அதைக் கேட்டுத்தான் வேலை கொடுக்கும். எங்களுக்கு ஒரே ஒரு இன்வோக்கரின் குரல்தான் கேட்டது. மற்ற இரண்டு கணினிகளிலிருந்தும் காஃப்காவின் போர்ட்டை, அதாவது தொடர்பு வாசலை, தொட்டுப் பார்த்தோம், திறந்தே இருந்தது. அதுதான் எங்களை ஏமாற்றியது.

மூன்றாம் இரவு, இன்வோக்கரின் பதிவுகளை (லாக்) வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்த தம்பி திரையில் விரலை வைத்தான். “அண்ணே, இது 172.17.0.1-ஐத் தேடிப் போகிறது.” அது டாக்கரின் உள்முகவரி, எல்லாக் கணினியிலும் அதே எண். முதல் தொடர்பு சரியாகக் கிடைத்தபின், ‘இனி என்னை இங்கே வந்து பார்’ என்று காஃப்கா அந்த முகவரியைக் கொடுக்கிறது. இன்வோக்கர் தன் கணினிக்குள்ளேயே காஃப்காவைத் தேடுகிறது. காஃப்கா இருந்த கணினியில் இருந்த இன்வோக்கருக்கு மட்டும் அது கிடைத்துவிட்டது. கும்பகோணத்தில் ‘கோயிலுக்கு எதிர்வீடு’ என்று வழி சொன்னது போலத்தான். தெருவுக்கொரு கோயில் இருக்கும் ஊரில் அவரவர் தெருவுக்குத்தானே போவார்கள்!

அதன்பின் முகவரிகள் அனைத்தையும், பல கணினிகளில் நிறுவும் வேலையைத் தானே செய்யும் அன்சிபிள் என்ற கருவியின் பட்டியல் கோப்பு ஒன்றிலேயே வைத்தோம். காஃப்கா வெளியே சொல்லும் முகவரியும் அதிலிருந்தே எடுக்கப்படும். தரவுத்தளம், காஃப்கா, கன்ட்ரோலர், இன்வோக்கர் என்ற வரிசையில் நிறுவுவதை ஒரே கட்டளைக்குள் கொண்டுவந்தோம். ஒன்றை மட்டும் அதில் சேர்க்க நான் சம்மதிக்கவில்லை. தரவுத்தளத்தைத் துடைத்து எழுதும் ‘வைப்’ (wipe) என்ற படி, புதிதாக நிறுவும்போது ஒருமுறை மட்டுமே தேவை. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் அதை மறுபடி ஓட்டினால் ஏற்றிவைத்த நிரல்கள் எல்லாம் போய்விடும். எளிமை என்ற பெயரில் அதையும் உள்ளே வைப்பது பெரிய தவறு என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒரு மாலை, கேள்விகள் தேங்கத் தொடங்கின. நான் மன்னார்குடிப் பக்கம் பஸ்ஸில் இருந்தேன். தம்பி பட்டியலில் ஒரு வரி சேர்த்து, கட்டளையை ஓட்டிவிட்டுப் போனில் சொன்னான்: “அண்ணே, நான்காவது இன்வோக்கரும் பேசுகிறது.”